தொண்டைக்குள்ளே மரு

எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கணும். அஞ்சாங் கிளாஸோடு நின்றவள் நான். மறதியும் வந்துவிட்டது. இருந்தாலும் என் சின்ன மகளுக்கு வந்த நோயை எழுதிவைக்கிறேன்.

கல்லலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாலு வயதில் அவளுக்குக் குரல் கம்மியது. சளி என்று நினைத்துச் சுக்கும் மிளகும் கொடுத்தேன். ஆறு வயதில் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். ஓடினால் மூச்சு விசிலடிக்கும். காரைக்குடி டாக்டர் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "குரல்வளையில மரும்மா. வைரஸ் கிருமியால வர்றது, ரொம்ப அபூர்வம். எடுத்தாலும் திரும்ப முளைக்கும்" என்றார்கள்.

மரு என்றதும் என் வீட்டுக்காரரின் அக்கா சிரித்தார்.

"மருவுக்குப் போயி மதுரையா? குதிரைவால் முடியைக் கட்டிவிட்டா தானா விழுந்துரும்."

"தொண்டைக்குள்ள விரல விட்டு யாரு மதினி கட்டுறது? நீங்க கட்டுறீகளா?"

அவரை எதிர்த்துப் பேசியது அன்றுதான்.

மரு முளைக்க முளைக்க நாங்களும் மதுரைக்குப் போய்க்கொண்டே இருந்தோம். இதற்கு நடுவே பள்ளிக்கூடத்தில் வேறு வம்பு. பேர் கூப்பிடும்போது இவள் "உள்ளேன் ஐயா" சொல்வது வாத்தியார் காதில் விழாது. அவர் குனிந்தபடியே ஆப்சென்ட் போட்டிருக்கிறார். வருசக் கடைசியில், வந்த நாள் போதாது, ரெண்டாங் கிளாஸிலேயே இருக்கட்டும் என்றுவிட்டார்.

ஆம்பளைகள் முன்னால் நிமிர்ந்து பேசுகிறவள் இல்லை நான். இவள் அப்பா மாடு பிடிக்கத் திருப்பத்தூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். மறுநாள் பாஸ் லிஸ்ட் ஒட்டிவிடுவார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு நானே போனேன்.

"ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போன நாள் தவிர பிள்ளை தெனம் வந்திருக்கா."

"நான் கூப்பிட்டப்ப பதிலே இல்லையேம்மா?"

"பதில் சொல்லியிருக்காய்யா. சத்தந்தான் வரல. நீங்க தலையைத் தூக்கிப் பாத்திருக்கலாம்."

எப்படியோ சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிப்போனது.

"சரி, பாடத்தை ஒப்பிக்கட்டும்."

"எப்பிடி ஒப்பிப்பா? சிலேட்டுல எழுதச் சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். ஒரு இடத்தில் கொம்பு மட்டும் விட்டிருந்தாள். அதைத் தன் கையாலேயே போட்டுக் கொடுத்து, "மூணாங் கிளாஸ்ல உக்காரு. பேர் கூப்பிட்டா கையைத் தூக்கு, நான் பாக்குறேன்" என்றார்.

ஆபரேஷன் ஆறு தடவையா ஏழா, மரு நின்றது எந்த வயதில் என்பது எனக்குக் குழம்புகிறது. சீட்டெல்லாம் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. படித்த பிள்ளைகள் யாராவது எடுத்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள்.