மின்விசிறி போடாத வீடு

கூடத்தில் மின்விசிறி போடக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டான் அண்ணன். வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில் இப்படியொரு சட்டம் எந்த வீட்டிலாவது உண்டா? ஆனால் தங்கையால் முறுக்கிக்கொண்டு திரும்பிப் போக முடியாது. அவளுடைய வாடகை வீட்டில் கூரை ஒழுகி, வேலை நடந்துகொண்டிருந்தது. கூரியர் அலுவலகத்தில் பொட்டலம் பிரிப்பவளுக்கு வேறு போக்கிடமும் இல்லை.

காரணம் அண்ணியின் சீட்டுகள். அண்ணி மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். மூட்டுவலிக்காரர்கள் வீட்டுக்குப் போனதும் பயிற்சியை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று, வேலைக்கு நடுவே முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு யோசனைக்கு ஒரு சீட்டு. பேருந்தில் தோன்றினால் பயணச்சீட்டின் பின்புறம், சமைக்கும்போது தோன்றினால் சர்க்கரைப் பையின் ஓரம். எல்லாவற்றையும் கூடத்துத் தரையில் அத்தியாயம் அத்தியாயமாகப் பரப்பியிருந்தாள். வீட்டு ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள்.

"படிச்சவங்க வீடா இது? பழைய பேப்பர் கடை மாதிரி இருக்கு" என்றாள் அண்ணிக்கு நாத்தனாரான அந்தத் தங்கை, அண்ணி காதில் விழாதபடி.

"சும்மா இரு. இந்த மாசக் கடைசிக்குள்ள ஆய்வேட்டைக் குடுக்கலேன்னா பதிவே ரத்தாயிடும். ஏழு வருஷ உழைப்பு" என்றான் அண்ணன்.

குறை சொல்ல வந்தவளுக்கே அண்ணியைப் பார்க்கப் பார்க்கப் பிரமிப்பாக இருந்தது. நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவள், முகம் கழுவியதும் தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு சீட்டை இங்கிருந்து அங்கே நகர்த்துவாள், தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், திரும்பப் பழைய இடத்திலேயே வைப்பாள். தனக்கு அந்தப் பொறுமையில் கால்வாசி இருந்தால் இந்நேரம் எங்கேயோ போயிருக்கலாம் என்று நாத்தனாருக்குப் பொறாமைகூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலை முடிந்து வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தாள். கை பழக்கதோஷத்தில் சுவிட்சுக்குப் போய்விட்டது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும். காகிதத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஏழு வருஷம் கூடம் முழுக்கப் பறந்தது.

சமையலறை வாசலில் ஈரக் கையோடு அண்ணி நின்றிருந்தாள். நாத்தனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அண்ணி, என்னைக் கொன்னு போட்டுடுங்க."

அண்ணி விசிறியை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "அழாத. கைக்குக் கிடைக்கிறதை எடுத்து ஒண்ணொண்ணாப் படி. எங்க போகணும்னு நான் சொல்றேன்."

"'படி ஏறும்போது எண்ணுகிறார். இறங்கும்போது எண்ணுவதில்லை.'"

"ரெண்டாவது அத்தியாயம்."

"'மருமகன் எதிரில் காலைத் தூக்க வெட்கம்.'"

"மூணு... இல்ல, அதுதான் முதல்ல வரணும். எல்லாம் அங்கதான் ஆரம்பிக்குது."

கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். நாத்தனார் வாய் பிளந்தாள். இவ்வளவும் இந்தத் தலைக்குள்ளா இருக்கிறது?

முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கருவியைப் பற்றிய சீட்டு வந்தபோதுதான் அண்ணி தயங்கினாள். "அதைத் தனியா வை." அடுத்ததும் கருவிதான். "அதையும்." தனிக் குவியல் வளர்ந்துகொண்டே போயிற்று. அவளே வடிவமைத்த கருவி அது. நாலு வருஷம் அதற்கே போயிருந்தது. வழிகாட்டிப் பேராசிரியருக்கு அந்த அத்தியாயம் செல்லப்பிள்ளை.

"இதெல்லாம் எங்க வைக்கிறது அண்ணி?"

"எங்கயும் இல்ல. ஜனங்க பயிற்சியை நிறுத்தறதுக்கு முழங்கால் காரணமில்ல. பக்கத்துல இருக்கிற ஆளுதான் காரணம். எனக்கு இது ரொம்ப நாளாத் தெரியும். வரிசையா அழகா இருந்துச்சா, எடுக்க மனசு வரல." அண்ணி அழுது தீர்த்துவிட்டு, அந்தக் குவியலை அள்ளிப் போட ஒரு பை கொண்டுவரச் சொன்னாள்.

"உனக்கென்ன பைத்தியமா? உங்க பேராசிரியர் ஒத்துக்குவாரா?" என்று குதித்தான், சத்தம் கேட்டு வந்த அண்ணன்.

"ஒத்துக்கலேன்னா வாதாடுறேன்."

வாதாடினாள். பேராசிரியர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். கெடு முடிவதற்குள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

வாய்மொழித் தேர்வன்று நாத்தனார் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அண்ணி வருஷா வருஷம் கொடுத்திருந்த பழைய ஆராய்ச்சி அறிக்கைகளைப் புரட்டினார்.

"உங்க கருவியைப் பத்தி இதுல பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க. ஆய்வேட்டுல ஒரு வரிகூட இல்லையே. சரியா வேலை செய்யலையா?"

"நல்லா வேலை செஞ்சுது சார். ஆனா நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாலு வருஷ வேலையைத் தூக்கிப் போட எவ்வளவு நாளாச்சும்மா?"

"தூக்கிப் போட ஒரு மதியம்தான் சார். போடணும்னு ஒத்துக்கத்தான் ரெண்டு வருஷம் ஆச்சு."

அங்கெல்லாம் கைதட்டக் கூடாது என்று நாத்தனாருக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனியாக, பலமாகத் தட்டினாள்.