சிதம்பரத்தில் தூக்கத்துக்கு மருந்து தேடினேன்

செம்மண்டலம் நண்பர்களே, இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். எல்லாருக்கும் தனித்தனியாக எழுதத் தெம்பில்லை.

மூன்று வாரமாக எனக்குத் தூக்கமில்லை. என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன சிதம்பரத்துக்காரர்கள் பதிலே போடவில்லை.

கசகசாப் பால் குடித்தேன். வயிறு மட்டும் மந்தமானது. தலையணைக்குள் மருதாணிப் பூ வைத்தேன். அந்த வாசனையில் என் மனைவி நன்றாகத் தூங்கினாள்.

இன்று வேலையாகச் சிதம்பரம் போனவன், நாட்டு மருந்துக் கடையில் ஏறி, "தூக்கத்துக்கு ஜாதிக்காய் நல்லதா, அமுக்கராக் கிழங்கா?" என்று கேட்டேன்.

"ஜாதிக்கா சீக்கிரம் கேக்கும். அமுக்கரா மெதுவாத்தான், ஆனா நின்னு கேக்கும்," என்றார் கடைக்காரர்.

"ரெண்டும் கேக்கலீங்க, நான் தின்னு பாத்துட்டேன்," என்றது ஒரு குரல்.

திரும்பினால், மாப்பிள்ளையின் அப்பா! கண் இரண்டும் சிவந்திருந்தன.

"உங்களுக்கென்னங்க கவலை?" என்றேன்.

"பொண்ணு பாத்துட்டு வந்தோம். அடுத்து வீடு பாக்க நீங்கதான வரணும்? வரலன்னா, எங்களப் புடிக்கலன்னுதான அர்த்தம்?"

"எங்க பக்கம், பதில் வராம மாப்பிள்ளை வீட்டு வாசப்படி ஏற மாட்டோங்க!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்போ மருந்து கட்டவா, வேணாமா?" என்றார் கடைக்காரர்.

புதன்கிழமை வீடு பார்க்க வருவதாக அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

இப்போது கடலூர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மனைவியைக் கேட்காமல், மருந்துக் கடையில் நின்றபடி மகளின் சம்பந்தத்தைப் பேசிவிட்டதை வீட்டில் எப்படிச் சொல்வது? இப்படி மாட்டிக்கொண்டு தப்பித்தவர் யாராவது இருந்தால் உடனே எழுதுங்கள்.