மஞ்சுளாவின் கல்யாணம் நிற்க வேண்டும் என்று கேட்டேன்

பிரியமானவர்களே, என் வாயால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோனது. அதை மறைக்காமல் சொன்னால்தான் ஆண்டவர் செய்தது உங்களுக்கு விளங்கும்.

மாரண்டஹள்ளி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். போன வருடம் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தேன். நன்றாகப் படிக்கிறவர்களுக்கு முழுப் பயிற்சிப் புத்தகம். மெல்லக் கற்கிறவர்களுக்குப் பதினாறே பக்கம், மனப்பாடம் செய்தால் பாஸ் ஆகிற கேள்விகள் மட்டும்.

மஞ்சுளா எழுந்தாள். "மிஸ், எனக்கும் பெரிய புக்கு குடுங்க. போட்டுப் பாக்கறேன்."

"உன் மக்கு மண்டைக்கு இதுவே அதிகம். உக்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் முதல் அவள் வரவில்லை. பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். கன்னடம் பேசுகிற குடும்பம். அவள் அம்மா தக்காளிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே டீச்சர். அப்புறம் எதுக்குங்க படிப்பு? எங்க நாத்தனா பையனுக்குப் பேசி முடிச்சிட்டோம். தை மாசம் கல்யாணம்."

அவளுக்குப் பதினைந்து வயது. குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அதிகாரிகள் வந்தார்கள். கல்யாணப் பேச்சே இல்லை என்று வீட்டார் எழுதிக் கொடுத்தார்கள். ஏற்பாடு மட்டும் நிற்கவில்லை.

உபவாசம் இருந்து, "எப்படியாவது இதை நிறுத்தும் ஆண்டவரே" என்று தினமும் அழுதேன். அந்த நாட்களில்தான் அவளுடைய காலாண்டு விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எண்களாகக் கொடுத்த கணக்குகள் எல்லாம் சரி. வாக்கியமாகக் கொடுத்தவற்றுக்கு எதிரே வெறும் தாள். அவளுக்குக் கணக்கு வந்தது, எங்கள் நீளமான தமிழ் வாக்கியம்தான் பிடிபடவில்லை. வாக்கியத்தைச் சுருக்க வேண்டிய நான் கணக்கைச் சுருக்கியிருந்தேன்.

மார்கழியில் அவள் அப்பா அவளைப் பள்ளிக்கு அழைத்து வந்தார்.

"பள்ளிக்கூடத்துலயே மக்குன்னு தள்ளுன புள்ளைய எம் பையனுக்கு எப்புடிக் கட்டறதுன்னு எங்கக்காவே கேட்டுட்டாங்க. ஊரே பேசுது. இனிமே நீங்களே பாத்துக்கோங்க."

மகளைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

கேட்டது கிடைத்தது. நான் சொன்ன அதே சொல்லால் கிடைத்தது. முழங்கால் போட்டேன், நன்றி சொல்லாமலே எழுந்தேன்.

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "கணக்கு சொல்லிக் குடுங்க மிஸ். வேற எதுவும் பேசாதீங்க" என்றாள்.

கடினமான கணக்குகளையே சின்னச் சின்ன வாக்கியங்களாக்கி எழுதிக் கொடுத்தேன். பொதுத்தேர்வில் கணக்கில் எழுபத்தெட்டு வாங்கினாள். இப்போது பாலக்கோட்டில் பிளஸ் ஒன். பஸ்ஸில் என்னைப் பார்த்தால் வேறு சீட்டுக்குப் போய்விடுகிறாள். அவள் அப்பா இன்னும் அவளோடு பேசுவதில்லை என்று அவள் தோழி சொன்னாள்.

இன்று என் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த வரியில் தடுமாறி நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் தாள் தயாரிக்கிறேன். இந்தப் புத்தியைத் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம். உங்கள் நாக்கு யாரையாவது வெட்டியிருந்தால் அவர்களுக்காக இன்றே ஜெபியுங்கள். நிச்சயம் பதில் தருவார். அவர்கள் உங்களை மன்னிக்க வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவர்கள் இஷ்டம்.