நான் ஏத்தின கண்ணாடி

அது கெடக்கட்டும் தேவி, மாடி ஊட்டுக்காரி சங்கதிய அப்புறம் சொல்றேன். நேத்து பேரன் கார்ல பூந்தமல்லி வரைக்கும் போனேன்னு சொன்னனில்ல? கேளு. எல்லாக் கண்ணாடியும் மூடி வெச்சிகினு, பின்னாடி எம்பக்கத்தது மட்டும் எறக்கி வுட்டான். வண்டி வேகம் புடிச்சுதோ இல்லியோ, தபதபதபன்னு காத்து காதுக்குள்ள பூந்து அடிக்குது. "இன்னா ஆயா, எலிகாப்டர்ல போற மாதிரி கீதா?"ன்னு சிரிக்கிறான். நானும் சிரிச்சேன். சிரிச்சிகினே இருக்கறப்ப கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அந்த சத்தத்த எட்டு வயசுல ஒரு தபா கேட்டிருக்கேன். அப்ப நாங்க நூம்பல் கிராமத்துல இருந்தோம். இப்ப நீ பாக்கற மாடி ஊடுங்க ஒண்ணும் கெடையாது, சுத்தி கழனிதான். நைனாவும் அம்மாவும் அதுல கூலி வேல. அக்காவ தின்னனூர்ல, அதான் திருநின்றவூர்ல, சித்திரைல கட்டிக் குடுத்தாங்க. ஆடி பொறந்தா புதுப்பொண்ண அம்மா ஊட்டுக்கு அனுப்பணுமில்ல? மாமியா அனுப்பல. ஆள் மேல ஆள் வுட்டுக் கேட்டப்புறம், ஒரே ஒரு நாளைக்கு, அந்தம்மாவே கூட்டிகினு வந்துச்சு. அதுவும் வாடகைக் கார்ல! தெருவே கூடிப்போச்சு போ. நான் போயி சக்கரத்தக் கூட தொட்டுப் பாத்தேன்.

அம்மா கூழு காய்ச்சி, கருவாட்டுக் கொழம்பு வெச்சிருந்துச்சு. அந்த மாதிரி கருவாடு இப்ப எங்கடி கெடைக்குது, எல்லாம் மண்ணு. சரி, அத வுடு. அந்த மாமியா நாள் பூரா அக்காவ வுட்டு நகரல. அடுப்பாண்ட போனா அடுப்பாண்ட, கொல்லைக்குப் போனா கொல்லைக்கு. "எம்மருமவள வுட்டு ஒரு நிமிசம் இருக்க முடியாது சம்பந்தி"ன்னு வேற சொல்லிச்சு. எங்கம்மாவுக்குப் பெருமை தாங்கல. "பாத்தியா, மாமியாருக்கு எம்பொண்ணு மேல உசுரு"ன்னு தெருவுல ஒருத்தி பாக்கி இல்லாம சொல்லிச்சு.

சாயங்காலம் கெளம்பறப்ப, நானும் கார்ல வருவேன்னு அழுது பொரண்டேன். டிரைவரு எங்க பக்கத்து ஆளு. "அனுப்புங்கக்கா, இவங்கள எறக்கி வுட்டுட்டுத் திரும்பறப்ப பாப்பாவக் கொண்டாந்து வுடறேன்"னாரு.

மாமியா முன்னாடி, டிரைவர் பக்கத்துல. அக்காவும் நானும் பின்னாடி. கதவுல ஒரு கைப்பிடி கீது, அத சுத்தினா கண்ணாடி ஏறுது, எறங்குது. எனக்கு கை துறுதுறுங்குது. அக்கா தொட வுடல. பூந்தமல்லி தாண்டி ரோடு காலியாச்சு. அப்ப அக்கா எம்மேல சாஞ்சி, எம்பக்கத்துக் கண்ணாடிய அவளே சுத்தி எறக்கினா. அவ்ளோதான், தபதபதபன்னு வண்டியே அதிருது. தலைக்குள்ள யாரோ முறத்தால அடிக்கற மாதிரி கீது எனக்கு.

"இன்னாடி எழவு சத்தம் அது? மூடு!"ன்னுச்சு மாமியா.

"வாந்தி வர மாதிரி கீது அத்தே"ன்னா அக்கா.

"அம்மா ஊட்டுக் கூழுன்னா கொடம் கொடமா குடிச்சா, வராம இன்னா பண்ணும்?" முணுமுணுத்துகினே முன்னாடி திரும்பிகிச்சு.

அக்கா எங்காதுல வாய வெச்சி என்னவோ சொன்னா. ஒண்ணும் வுழல. "இன்னாக்கா?"ன்னேன். இன்னும் சத்தமா சொன்னா. அம்மான்னு ஒண்ணு கேட்டுச்சு, மீதிய காத்து அடிச்சிகினு பூட்டுது. எம்மோவாயப் புடிச்சித் திருப்பி, கத்தறா. ஐயோ பாவம், அக்கா இவ்ளோ கஷ்டப்பட்டு சொல்லுது, எனக்கு கேக்க மாட்டேங்குதேன்னு, நான் கைப்பிடியப் புடிச்சி கடகடன்னு சுத்திட்டேன். கண்ணாடி மேல போயி முட்டுச்சு. சத்தம் பட்டுன்னு நின்னுது.

"...தெனம் அடிக்கறாங்க, வெள்ளிக்கெழம ஏரிக்கரைல நிப்பேன், நைனாவ வந்து கூட்டிகினு போவ சொல்லு!"

கார் முழுக்க அக்கா கொரலுதான்.

டிரைவரு ரோட்டையே பாத்துகினு ஓட்டனாரு. மாமியா திரும்பக் கூட இல்ல. எறங்கறப்ப எங்கன்னத்தக் கிள்ளி, "சமத்து, கண்ணாடி ஏத்தக் கூட தெரிஞ்சிகீது"ன்னு ஒரு சாத்துக்குடி குடுத்துச்சு. நானும் வாங்கிகினேன்டி. வழி பூரா துன்னுகினே வந்தேன்.

கேட்டத ஊட்ல சொன்னேன். நைனா வெள்ளிக்கெழம விடிகாலைலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் தின்னனூர் ஏரிக்கரைல நின்னாரு. அக்கா வரல. அவங்க ஊட்டுக்குப் போனா பூட்டு. ஒறமொறைய பாக்க திருத்தணி பக்கம் போயிட்டாங்கன்னு பக்கத்துல சொன்னாங்களாம். அப்புறமும் மூணு தபா நடந்தாரு. கார்த்திகைல ஆள் வந்துச்சு, உம்பொண்ணு கெணத்தாண்ட வழுக்கி வுழுந்து செத்துப் போச்சுன்னு. போயி கேக்க எங்களாண்ட இன்னா இருந்துச்சு, வாயத் தவிர? அதுவும் அம்மாவுக்கு அடைச்சிப் போச்சு.

அன்னிக்கு கார்ல, கண்ணாடி ஏறினதும் அக்கா என்னப் பாத்தா. திட்டல, கிள்ளல. எம்மோவாய வுட்டுட்டு, ரெண்டு கையயும் மடில வெச்சிகினா. காத்து நின்னுட்டதால மறுபடி வாந்தி வருது போலன்னு நான் நெனச்சேன். அதனால திரும்ப எறக்கினேன்டி, நெசமா. கொஞ்சம் கொஞ்சமா சுத்திகினு, "இப்ப காத்து வருதாக்கா? இப்ப பரவால்லியா?"ன்னு தின்னனூர் வரைக்கும் கேட்டுகினே போனேன்.

ஐய, மோட்டாரப் போட்டு வுட்டு மறந்துட்டேன் பாரு, டேங்கு ரொம்பி தெருவெல்லாம் தண்ணி! தள்ளு, தள்ளு, நிறுத்தணும்.