டியூனர் வாங்கிய பிறகு கெட்ட சுருதி

நான் தராசு சோதிக்கிறவன். திருகோணமலை நகரத்திலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் கடைத் தராசுகளைச் சரிபார்த்து முத்திரை குத்துவது என் உத்தியோகம். துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன்கடையில் நான் தலையைக் காட்டினால் போதும், அதுவரை தொண்டை கிழியக் கூவி விற்றுக்கொண்டிருந்தவர் திடீரென்று என் பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கத் தொடங்குவார். அப்படி விசாரிப்பவருடைய தராசை நான் இரண்டு தரம் சோதிப்பேன். இந்த வேலையில் இருப்பவனுக்கு யாரையும் எதையும் நம்பும் பழக்கம் மெல்ல மெல்ல விட்டுப்போகும். எனக்கு அது வேலையில் சேருமுன்பே கொஞ்சம் குறைவுதான் என்று என் மனைவி சொல்வாள்.

பகல் முழுவதும் என்னைக் கண்டு முகம் சுளிப்பவர்கள்தான். அதற்கு மாறாக எனக்கென்று இருந்த ஒரே இடம் மேடை. கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பழைய பாட்டுகள் பாடும் சிறிய இசைக்குழு ஒன்றில் நான் தாழ்ந்த அடியொலி தரும் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பேஸ் வாசிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவன் நிறுத்தினால் பாட்டுக்குக் கீழே நிலம் இல்லாமல் போய்விடும். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த இடம் போய்விடுமோ என்ற பயம்தான் சுருதி காட்டும் கருவியைத் தேடி என்னை டியூனர் டியூனராக அலைய வைத்தது.

குழுவில் நாங்கள் மூன்று பேர். பாடுகிறவர் கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த அரிசி வியாபாரி. அவர் கடைத் தராசு ஒருநாளும் பிழை காட்டியதில்லை. அதனால் ஆரம்பத்தில் அவர் மீதும் எனக்குச் சந்தேகம் இருந்தது. அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை நாநா என்போம். கீபோர்ட் வாசிப்பவர் பாலையூற்றில் இருக்கும் ஒரு சங்கீத ஆசிரியை. அவரை டீச்சர் என்போம். தாளம் கீபோர்டுக்குள்ளேயே இருந்ததால் டிரம்ஸுக்கு ஆள் தேவைப்படவில்லை.

நாநாவுக்கு ஒரு வீம்பு உண்டு. பாட்டு எந்தச் சுருதியில் முதலில் பதிவானதோ அதே சுருதியில்தான் பாடுவார். வயதான பாடகர்கள் பலரும் சுருதியை ஒரு படி, இரண்டு படி இறக்கிப் பாடுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இவர் ஒப்புக்கொள்ள மாட்டார். மேடையில் ஏறியதும் கீபோர்டின் சின்னத் திரையை எட்டிப் பார்ப்பார். சுருதி ஏற்றவும் இறக்கவும் இல்லை என்பதற்கு அங்கே பூச்சியம் தெரிய வேண்டும்.

"டீச்சர், ஒரிஜினல் சுருதிதானே?"

"ஓம் நாநா, ஒரிஜினல்தான்."

பிறகு சபையைப் பார்த்து, "இந்தச் சுருதியில பாட ஏலாமப் போற அண்டைக்கு மைக்கைக் கீழ வெச்சிட்டு அரிசி நிறுக்கப் போயிருவன்" என்பார். சனம் கைதட்டும். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் அதுவரை காதால் கேட்டு, கீபோர்டுக்கு ஒத்துவரும்படிதான் கம்பிகளை முறுக்கிவந்தேன். எங்கள் ஊர் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், இறங்கும். திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கி, ஐஸ்கிறீம் வான், வெடிச்சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் காதை நம்பி முறுக்குவது பெரும்பாடு. நல்ல டியூனர் ஒன்று வாங்கிவிட்டால் தொல்லை தீரும் என்று நினைத்தேன். வாங்கிய பிறகுதான் தொல்லை தொடங்கியது.

முதலாவது, கிட்டாரின் தலையில் கவ்விக்கொள்ளும் சின்ன டியூனர். நகரத்தில் கிரிக்கெட் மட்டையும் கிட்டாரும் சேர்த்து விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். "இதைப்போல நம்பிக்கையான சாமான் இல்லை" என்று கடைக்காரர் தானாகவே சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சுருதியின் பெயரை ஆங்கில எழுத்தில் காட்டும் அது மெல்லிய கம்பிகளுக்கு ஒழுங்காக வேலை செய்தது. ஆகத் தடித்த ஈ கம்பியைத் தட்டினால் முள் அங்குமிங்கும் அலைந்தது. ஈ என்று காட்டவேண்டிய இடத்தில் சிலவேளை பீ என்று காட்டியது. அவ்வளவு தாழ்ந்த ஒலி அந்தச் சின்னச் சாமானுக்குப் பிடிபடவில்லை. கம்பியின் நடுப்பகுதியில், பன்னிரண்டாவது ஃபிரெட் என்ற உலோகப் பட்டிக்கு நேரே விரலைப் பட்டும் படாமலும் வைத்துத் தட்டினால் மேல் ஒலி வரும், அதை வைத்து ஒருவாறு சமாளிக்கலாம். ஒத்திகை நடக்கும் டீச்சர் வீட்டுக்குப் போய் வாசித்தேன். பேஸ் கீபோர்டோடு ஒட்டவில்லை. வாயில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது.

"அண்ணா, உங்கட கம்பியை ஒருக்காப் பாருங்கோ" என்றார் டீச்சர்.

"டியூனர் வைச்சுத்தான் முறுக்கினனான்."

"டியூனரை விட்டிட்டு என்ர கீபோர்டைக் கேட்டு வையுங்கோவன், முந்தி மாதிரி."

அந்த வார்த்தை எனக்குள் மணியடித்தது. தராசு பிழையான கடைக்காரரும் இதையேதான் சொல்வார்: உங்கட படிக்கல்லை விட்டிட்டு என்ர படிக்கல்லை வைச்சு நிறுத்துப் பாருங்கோ ஐயா.

இருந்தாலும் முதலில் டியூனர் மீதுதான் பழியைப் போட்டேன். ஈ கம்பியில் தடுமாறுகிற சாமான் மற்றக் கம்பிகளில் மட்டும் உண்மை பேசும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஃபோனில் ஒரு டியூனர் செயலியை இறக்கினேன். அது காகத்துக்கும் ஓட்டோவுக்கும் எழுத்துப் போட்டது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊத, அதற்கும் அவசரமாக ஒரு எழுத்தைக் காட்டியது. கதவு யன்னலைச் சாத்திவிட்டு வாசித்தபோது கவ்வும் டியூனர் சொன்னதையே சொன்னது. இரண்டு பொய்யர்கள் ஒத்துப்போவதும் நடக்கிற காரியம்தானே என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாவது, காலால் மிதிக்கும் பெட்டி. கிட்டாரின் வயரை நேரே அதற்குள் செருக வேண்டும். வெளிச்சத்தம் அதற்குக் கேட்காது, கம்பியின் மின்னொலி மட்டும்தான் போகும். கொழும்பில் இருந்து மச்சான் கொண்டுவந்து தந்தார். ஈ கம்பியைத் தட்டினேன். முள் அலையாமல் ஓர் இடத்தில் நின்றது. பேஸ் வாசிக்கிறவன் யாராவது என்னிடம் கேட்டால் இந்த வகையைத்தான் சொல்வேன், ஆகத் தடித்த கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு வாங்கு என்றும் சொல்வேன். ஆனால் இதுவும் மற்ற இரண்டோடும் ஒத்துப்போனது. இதை வைத்து முறுக்கிக்கொண்டு ஒத்திகைக்குப் போனாலும் கீபோர்டோடு ஒட்டவில்லை.

மூன்று தராசும் ஒன்றாகப் பிழை காட்டலாம், மூன்றும் ஒரே பிழையான படிக்கல்லை வைத்துச் செய்யப்பட்டிருந்தால். எனவே சுருதிக்கான படிக்கல்லைத் தேடிப் போனேன். தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிற ஒருவரிடம், தட்டினால் ஏ சுருதி மட்டும் ஒலிக்கும் இரும்பு இசைக்கவை இருந்தது. இரும்பை மின்சாரமும் மென்பொருளும் ஏமாற்ற முடியாது. முழங்காலில் தட்டி, கிட்டாரின் உடம்பில் அதன் காம்பை ஊன்றினேன். மூன்று டியூனரும் ஒரே குரலில் ஏ என்றன, முள் நட்டநடுவில் நின்றது.

ஆக, பொய் சொன்னது டியூனர் இல்லை.

அந்த வாரம் பிந்தி ஒத்திகைக்குப் போனேன். கேற்றடியில் நின்றபோதே உள்ளே பாட்டுக் கேட்டது, பேஸோடு. எட்டிப் பார்த்தால், டீச்சர் இடது கையால் கீபோர்டின் கீழ்க்கட்டைகளில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தார். நாநா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் டீச்சர் கையை எடுத்தார்.

"சும்மா பாத்த தம்பி, எப்பிடி வருகுதெண்டு" என்றார் நாநா.

எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். கீபோர்டில் எதையோ மாற்றிவைத்து, என்னைச் சுருதி கெட்டவனாகக் காட்டி, என் இடத்தை இடது கைக்குக் கொடுக்க டீச்சர் திட்டம் போடுகிறார். அன்று வீடு திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை என்றுதான் மனைவியிடம் சொன்னேன்.

அடுத்த ஒத்திகைக்கு வேண்டுமென்றே நேரத்துக்கு முன்பே போனேன். டீச்சர் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார், நாநா இன்னும் வரவில்லை. கடைக்காரர் உள்ளே போன நேரம் பார்த்துத் தராசைப் புரட்டுவது எனக்குப் புதிதல்ல. ஒலிபெருக்கிக்குப் போகும் கீபோர்ட் வயரைப் பிடுங்கி என் பெட்டியில் செருகினேன். திரையில் பூச்சியம்தான் இருந்தது. ஏ கட்டையை அழுத்தினேன். முள் இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. நல்ல இறக்கம். பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு, அடிப்படைச் சுருதியையே மாற்றுவதற்கு. வழமையாக அது நானூற்று நாற்பதில் நிற்கும். ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனேன். நானூற்று முப்பதில் முள் நடுவுக்கு வந்தது.

"அதைத் தொடாதேங்கோ." டீச்சர் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றார்.

"இது பழுதோ, நீங்கள் செய்ததோ?"

"நான்தான் செய்தனான்."

இப்படி உடனே ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"நாநாக்குச் சளிக்காய்ச்சல் வந்து எழும்பினாப் பிறகு, திருவிழாவில உச்சத்தில குரல் உடைஞ்சு இருமினவரெல்லோ? நீங்கள் பின்னுக்கு நிண்டனீங்கள், அவற்ற முகத்தைக் காணேல்ல. நான் கண்டனான். சுருதியைப் படியா இறக்கினாத் திரையில தெரிஞ்சுபோம், மைக்கை வைச்சிட்டுப் போயிடுவார். இந்த அடிப்படைச் சுருதி உள்ளுக்கை, ஒருத்தரும் பாக்காத இடத்தில கிடக்கு. ஒவ்வொரு முறையும் துளித்துளியா இறக்கினனான். முழுசா ஒரு படிகூட இல்லை."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்தானே?"

"உங்களட்டையோ? நீங்கள் சோதினைக்காரர். மேடையில வைச்சே நானூற்றி முப்பது எண்டு அறிவிச்சுப்போடுவீங்கள்."

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. என் காது இவ்வளவு நாளும் அந்த இறங்கிய சுருதியைக் கேட்டு ஒழுங்காகப் பின்தொடர்ந்திருக்கிறது. டியூனர் வாங்கிய அன்றிலிருந்துதான் நான் தனியே உண்மை பேசத் தொடங்கியிருக்கிறேன். வெளியே நாநாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கீபோர்டின் வயரைப் பழைய இடத்தில் செருகினேன். பெட்டியை நான் திரும்ப நானூற்று நாற்பதுக்கு மாற்றவில்லை. நானூற்று முப்பதிலேயே என் நான்கு கம்பிகளையும் முறுக்கினேன். எத்தனையோ கள்ளத் தராசுகளைப் பிடித்த கையால் முதன்முதலாக ஒரு கள்ளத் தராசைச் செய்தேன்.

அடுத்து சம்பூரில் ஒரு பகல் கலியாணம். நாநா வழமைபோல் திரையை எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், ஒரிஜினல் சுருதிதானே?"

"ஓம் நாநா, ஒரிஜினல்தான்."

நான் குனிந்து பெட்டியை மிதித்துக்கொண்டு நின்றேன். அன்று அவர் பாடிய மாதிரி நான் கேட்டு நாளாகிவிட்டது. உச்சத்துக்குப் போகும்போது கழுத்து நரம்பு புடைக்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் எழுந்து நின்று கைதட்டினார். டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை, நானும் அவர் பக்கம் பார்க்கவில்லை.

கலியாணம் முடிந்ததும் டீச்சரை அவருடைய கணவர் மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாநாவை வழியில் கிண்ணியாவில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. வாடகை வானின் பின்சீட்டில், சாமான்களுக்கு நடுவில், நாங்கள் இருவரும் இருந்தோம். மூதூர் தாண்டியதும் அவர் என் காதருகே சாய்ந்தார்.

"தம்பி, எவ்வளவு இறக்கினீங்க?"

"என்னத்தை நாநா?"

"இண்டைக்கு நீங்களும் இறக்கிட்டீங்க. டீச்சர் இறக்கினது எனக்கு எப்பயோ தெரியும். திரையில என்னத்தக் காட்டினாலும் தொண்டைக்குத் தெரியாமப் போகுமா?"

அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார்.

"அவ கீழ, நீங்க மேல. ரெண்டுக்கும் நடுவில எதப் புடிச்சிப் பாடுறதெண்டு நான் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும். நீங்க சரியா முறுக்க முறுக்க எனக்கு மூச்சு முட்டிச்சு. அதாலதான் அண்டைக்கு அவவ இடது கையால வாசிக்கச் சொன்ன. அவ மாட்டன் எண்டவ, நான்தான் வற்புறுத்தின. உங்கள நிப்பாட்ட வேண்டி வந்திருமோ எண்டு பயந்துதான் இருந்தன்."

ஆக, என் இடம் உண்மையாகவே ஆபத்தில்தான் இருந்திருக்கிறது. சந்தேகம் சரி, ஆள்தான் பிழை.

"பிறகு ஏன் நாநா ஒவ்வொரு முறையும் ஒரிஜினல் சுருதியோ எண்டு கேக்கிறீங்கள்?"

"கேக்காம விட்டா, நான் அறிஞ்சிட்டன் எண்டு அவவுக்கு விளங்கிரும். வெக்கப்படுவா. வெக்கத்தில பழையபடி ஏத்தி வெச்சிருவா." யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏத்தினா என்னால ஏலாது தம்பி."

அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

"அவட்டச் சொல்லிராதீங்க" என்றார்.

"சொல்ல மாட்டன் நாநா."

அவர் உடனே நம்பிவிட்டார். சீட்டில் சாய்ந்து கண்ணையும் மூடிக்கொண்டார். நானாக இருந்தால் என்னை நம்பியிருக்க மாட்டேன்.