செல்விக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த நாற்காலி

கோயில், அருவி என்று எழுதி வந்த இந்தப் பக்கத்தில் முதல்முறையாக, மன்னிப்புக் கேட்கப் போன ஒரு பயணத்தை எழுதுகிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஈரோட்டிலிருந்து திருப்பூர் நல்லூருக்கு.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் வணிகவியல் நடத்துபவள். அதற்கு மூன்று வாரம் முன்பு மாணவிகள் நாற்பது பேரை நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியைப் பார்க்க அழைத்துப் போயிருந்தேன். அங்கே பேக்கிங் மேசையில் செல்வி நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், பார்வை கிடையாது. மடிக்கிற அட்டையின் ஓரத்தில் சைஸுக்குத் தகுந்தபடி ஒரு வெட்டு, இரண்டு வெட்டு என்று போட்டு வைத்துக்கொண்டு, குழந்தைகளின் டீசர்ட்டுகளை மடித்துக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார். மாணவிகள் உருகிப் போனார்கள். நாள் முழுக்க நிற்க வைக்கிறார்களே என்று திரும்பும் பஸ்ஸிலேயே முதலாளிக்குக் கடிதம் எழுதி, அவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டார்கள். நானும் பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன்.

முதலாளி நல்லவர். கடிதம் கிடைத்த மறுநாளே ஆபீஸ் போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் செல்வியை உட்கார வைத்துவிட்டார். எல்லோர் கையிலும் செல்போன் இருக்கும்போது அந்தப் போன் எங்கே அடிக்கப் போகிறது? கடிதத்தை எழுதிய கவிதாவின் எண் அதிலேயே இருந்தது. சூப்பர்வைசரிடம் அதை வாங்கி, செல்வி அவளுக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "நான் வேலைக்கு வந்தவ கண்ணு. சும்மா ஒக்காந்திருக்கற ஆள எத்தன நாளைக்கு வெச்சிருப்பாங்க?"

கவிதா அதைப் போட்டுக் காட்டியபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. இருவருமே போய் வருவதென்று முடிவு செய்தோம்.

காலை 7.10-க்குப் பாசஞ்சர். ஐம்பது கிலோமீட்டருக்கு ஆளுக்குப் பதினைந்து ரூபாய். வழக்கமாக ஊத்துக்குளி வந்தால் வெண்ணெயைப் பற்றி நாலு வரி எழுதாமல் விடமாட்டேன். அன்று ஊத்துக்குளி வந்து போனதே தெரியவில்லை. 8.20-க்குத் திருப்பூர். அங்கிருந்து நல்லூர் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது. பனியன் எடுக்க வந்தீங்களாங்க என்று ஓட்டுநர் கேட்டார். தலையை ஆட்டி வைத்தேன்.

எங்கள் கடிதத்தை முதலாளி லேமினேட் செய்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார். அதற்குக் கீழேதான் செல்வியின் நாற்காலி. வந்த காரணத்தைச் சொன்னதும் முதலாளி தயங்கினார்.

"நாப்பது புள்ளைங்க எழுதிக் குடுத்ததுங்க. இப்பத் திரும்ப நிக்க வெச்சு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஊரு என்னையத்தானுங்க பேசும்."

வேண்டுமானால் மாற்றி எழுதிக் கொடுங்கள் என்றார். கவிதா எழுதினாள். இந்தத் தடவை செல்விக்குப் படித்துக் காட்டினாள். 'பார்வை இல்லாதபோதும் மிகச் சிறப்பாக வேலை செய்கிறார்' என்ற இடத்தில் செல்வி நிறுத்தினார்.

"அதெல்லாம் எதுக்குக் கண்ணு? பேக்கிங்ல வேல செய்யறாங்கன்னு போடு, போதும்."

கடிதத்தை வாங்கிப் படித்த முதலாளி, திங்கட்கிழமை முதல் பழைய மேசைக்குப் போகச் சொன்னார். இன்றைக்கே போகலாமா என்று கேட்டபடியே செல்வி எழுந்துவிட்டார். கவிதா அவர் கையைப் பிடிக்கப் போனவள் நின்று, கூட வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

மாணவர்களை அழைத்துப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிறு விடுமுறை. வேலை எட்டரைக்குத் தொடங்குகிறது. பதினொரு மணி டீ நேரத்தில்தான் அங்கிருப்பவர்களிடம் நிதானமாகப் பேச முடியும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் காலையில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். போகும் முன் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: பார்வையில்லாத ஒருவர் உங்களோடு வேலைக்குச் சேர்ந்தால் என்ன செய்வீர்கள்? திரும்பி வந்து நான் கேட்டேன். கிட்டத்தட்ட எல்லோரும் 'உதவுவேன்' என்றே எழுதியிருந்தார்கள். அவரிடம் வேலை கற்றுக்கொள்வேன் என்று ஒருத்திகூட எழுதவில்லை. நல்ல பிள்ளைகள்தான். எனக்குத்தான் வருத்தமாக இருந்தது, நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

இதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. கிளம்பும் முன் மேசைக்குப் போய்ச் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

"என்னைய மேசைக்கே அனுப்புங்கன்னு நானும் மூணு தடவ கேட்டனுங்க மேடம். நீங்க எழுதிக் குடுத்தாத்தான் ஆகுது."