பூ வைத்த பிறகு சொன்ன சாட்சி

அண்ணன் இல்லாமல் ஒரு கார்த்திகை வந்து போய்விட்டது. இந்த நினைவு மலரில் எழுதச் சொல்லி அண்ணி கேட்டபோது, "நல்லதை மட்டும் எழுதும்மா, அந்த விஷயம் வேணாம்" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தேன். அந்த விஷயத்தை விட்டுவிட்டால் அண்ணனைப் பற்றி எழுத எனக்கு என்ன இருக்கிறது? நம் உறவினர்களில் பாதிப் பேர் அதை ஒருவிதமாகவும், மீதிப் பேர் வேறுவிதமாகவும் இன்றுவரை சொல்லி வருகிறீர்கள். அந்த விவகாரத்தில் கல்யாணப் பெண்ணாக இருந்தவள் நான். நடந்ததை நானே சொல்வதுதான் முறை.

அண்ணன் பிறந்தது கீழ்பென்னாத்தூருக்கு அருகே அம்மாவின் ஊரில். வளர்ந்தது திருவண்ணாமலையில், பே கோபுரத் தெருவில் வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டில். அப்பா மல்லாட்டை எனும் நிலக்கடலை மண்டியில் எடை போடும் வேலை பார்த்தவர். அவர் விஷக் காய்ச்சலில் போனபோது நான் கைக்குழந்தை. அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. படிப்பை விட்டுவிட்டு அதே மண்டியில் மூட்டை சுமந்தார். வேலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அம்மாவிடம் சொல்லாமல் போய் வரிசையில் நின்றார். தேர்வான பிறகுதான் சொன்னார். அம்மா ஒரு வாரம் அழுதார்கள்.

என்னை எட்டாவதோடு நிறுத்திவிடச் சொந்தக்காரர்கள் சொன்னபோது, லீவில் வந்திருந்த அண்ணன், "அவ படிக்கட்டும். செலவு என்னோடது, பேச்சும் என்னோடதாவே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். நான் இன்று ஆசிரியையாக இருப்பது அந்த ஒரு வாக்கியத்தால்.

நான் பயிற்சி முடித்த ஆண்டு, அண்ணன் ஹவில்தாராக இருந்தார். தீபத்துக்கு லீவில் வந்திருந்தார். அப்போது கீழ்பென்னாத்தூரிலிருந்து ஓர் அம்மாள் வெற்றிலை பாக்குடன் வந்தார். அவருடைய மகன் அண்ணனின் பிளாட்டூனிலேயே லான்ஸ் நாயக். சிப்பாய்க்கு ஒரு படி மேலே, கையில் ஒற்றைப் பட்டை. அவருக்கு என்னைக் கேட்டு வந்திருந்தார்கள்.

அம்மாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. அண்ணன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ளைகிட்ட எதுனா குறை கீதா தம்பி?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"குறை இல்லீங்க. நல்ல பையன். ஆனா எனக்குக் கீழ வேலை செய்யறான். நான் அவனுக்கு டியூட்டி போடறவன், தப்பு பண்ணா தண்டிக்கிறவன். அவனை வேற கம்பெனிக்கு மாத்தட்டும், அப்புறம் பேசலாம்."

"அது எப்ப நடக்கறது? சொந்தம்னா ஒத்தாசைதானே தம்பி!"

"அதுக்குத்தாங்க பயப்படறேன்" என்றார் அண்ணன்.

அம்மா விடவில்லை. தீபம் முடிந்த மறுநாளே பூ வைத்து நிச்சயம் செய்தார்கள். அண்ணன் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: மாற்றல் வந்த பிறகுதான் கல்யாணம். முகாமுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் கம்பெனி அதிகாரியிடம் போய், இன்னார் என் தங்கைக்கு நிச்சயமானவர், அவரை வேறிடத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். அதிகாரி சிரித்து, வாழ்த்துச் சொல்லி, அடுத்த மாற்றல்களின்போது பார்க்கலாம் என்றாராம். இனி அங்கே நடந்தவை எல்லாம் என் கணவர் பிற்பாடு எனக்குச் சொன்னவை.

மாற்றல் வரும் முன் அந்தச் சம்பவம் நடந்துவிட்டது. காவல் முடிந்து வந்த சிப்பாய்கள் துப்பாக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். குண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமலே எனக்கு நிச்சயமானவர் விசையை இழுத்துவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிப்பாயின் முழங்காலைக் குண்டு சிதைத்துவிட்டது. அறை வாசலில் நின்ற அண்ணன் அதைக் கண்ணால் பார்த்தார்.

காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, கூட இருந்தவர்கள் ஒன்றுகூடிப் பேசினார்கள். அடிபட்டவனேதான் துப்பாக்கியைத் தட்டிவிட்டான் என்று சொல்லிவிட்டால் போச்சு, நல்ல பையன் ஒருத்தன் பிழைப்பான் என்றார்கள். பயத்தில் இருந்த அவரும் விசாரணையில் அப்படியே சொல்லிவிட்டார். மறுநாள் சாட்சி சொல்ல வேண்டியவர் அண்ணன். அதற்கு முந்தின மாலை அவர் அண்ணனைத் தேடிப் போயிருக்கிறார்.

"மச்சான், நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். திரும்பி நின்னுக்கினு இருந்தேன், பாக்கலன்னு சொன்னா போதும்."

"மச்சான்ங்கற வார்த்தை திருவண்ணாமலை ஸ்டேஷன்ல இறங்கினப்புறம். இங்க நான் ஹவில்தார்."

"உங்க தங்கச்சி வாழ்க்கைங்க."

அண்ணன் எழுந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாராம். பிறகு, "இப்பவே போயி நீயே உண்மையைச் சொல்லிடு. பயந்துபோயி மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லு. அதுக்கு நான் கூட வரேன். வேற எதுக்கும் வரமாட்டேன்" என்றாராம். இவருக்குத் தைரியம் வரவில்லை. திரும்பிவிட்டார்.

மறுநாள் விசாரணையில் அண்ணன் முதலில் சொன்னது எங்கள் உறவைத்தான். "இவருக்கும் என் தங்கைக்கும் நிச்சயமாகியிருக்கிறது. என் சாட்சியை அதைத் தெரிந்துகொண்டே எடுத்துக்கொள்ளுங்கள்." விருப்பமில்லாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்று அதிகாரி வழிவிட்டார். "வாசலில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான்" என்று சொல்லிவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். எனக்கு நிச்சயமானவரின் பட்டையைப் பறித்து, சில வாரம் காவலிலும் வைத்தார்கள்.

செய்தி கீழ்பென்னாத்தூருக்கு வந்த அன்றே அந்த அம்மாள் பஸ் ஏறி வந்துவிட்டார். நட்ட நடுப்பகல். எங்கள் வாசலில் நின்று தெருவே கேட்கும்படி, "பொண்ணு குடுக்கறேன்னு சொல்லி எம்புள்ளைய உள்ள தள்ளிட்டானே, இவன்லாம் இன்னா மனுஷன்?" என்று கத்தினார். பூ வைத்தபோது நாங்கள் கொடுத்த வேட்டியையும் சட்டைத் துணியையும் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். அம்மா கதவைச் சாத்தினார்கள். அதன்பின் பல நாள் எங்கள் வீட்டுக் கதவு பகலிலும் சாத்தியே இருந்தது. கோயிலுக்குப் போனாலும் மாட வீதியில் தெரிந்தவர்கள் யாரும் எதிரே வராத நேரமாகப் பார்த்துப் போனோம்.

அண்ணன் அடுத்த லீவில் வந்தார். பெட்டியைக் கீழே வைக்கவிடவில்லை அம்மா.

"பாக்கலன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு அழுகிடுமாடா?"

"அடிபட்டவன் மேலயே பழி போட்டாங்கம்மா. அந்தப் பழி நின்னிருந்தா அவனுக்குப் பென்ஷன் கிடையாது. முப்பது வயசு ஆகல, இனிமே ஏர் புடிக்க முடியாது அவனால. அவன் யாருக்கும் மாப்பிள்ளை இல்ல, மச்சான் இல்ல. அவனுக்காக அங்க யாரு பேசறது?"

அம்மா அடுப்படிக்குத் திரும்பினார்கள். சோறு போட்டார்கள், ஆனால் பேசவில்லை. நான்தான் பின்கட்டில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னை நெனச்சுப் பாத்தியாண்ணா?"

"நெனச்சேன். உன்னைத் தவிர வேற எதையும் நெனக்கல அன்னிக்கு" என்றார். அண்ணன் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஆனாலும் எனக்கு ஆறுதல் வரவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. அன்று நான் அவர்மேல் கோபமாகவே உள்ளே போனேன்.

மறுநாள் அண்ணன் கீழ்பென்னாத்தூருக்குப் போனார். அந்த வீட்டில் அவரை உள்ளே கூப்பிடவில்லை. வெயிலில் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. அவர்களுடைய பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரிந்தது.

அறுவடை முடிந்த சமயத்தில், அண்ணன் ஊரில் இல்லாதபோது, அந்த அம்மாளின் மகனே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஸ்டேஷனிலிருந்து நேராக, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தார். இளைத்திருந்தார். அம்மா உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை.

"அவர் சொன்னது நெஜங்க. பொய் சொன்னது நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போயி அந்த ஆளு காலைப் பாத்துட்டு வந்தேன். மன்னிப்புக் கேட்டேன்."

"அதை இப்ப ஏன் இங்க வந்து சொல்ற?" என்றார்கள் அம்மா.

"அவர் அன்னிக்கு என்னைக் காப்பாத்தியிருந்தா, காலம் பூரா அவர் மூஞ்சிய நானும், என் மூஞ்சிய அவரும் பாக்க முடியாதுங்க. இப்ப முடியும். கையில பட்டை இல்ல. அதுக்கப்புறமும் குடுக்க மனசு இருந்தா குடுங்க. இல்லன்னா, சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர்கள் இருக்கும்போது பெண் வாய் திறக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நான் திறந்தேன். "எனக்குச் சம்மதம்மா. அண்ணனுக்கு எழுதிக் கேளுங்க" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அண்ணன் பதில் எழுதவில்லை. வேறு ஒன்று செய்தார். தண்டனை பெற்றவரை உடனே எங்கும் மாற்றமாட்டார்கள் என்று தெரிந்ததும், தன்னையே வேறு பட்டாளத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்திருந்தால் அவர் ஹவில்தாருக்கு அடுத்த படியான ஜமேதார் ஆகியிருப்பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். புது இடத்தில் அவருக்கு முன்னால் பலர் காத்திருந்தார்கள். ஹவில்தாராகவே ஓய்வு பெற்றார். மாற்றல் கையில் கிடைத்த பிறகுதான் ஊருக்கு வந்து, அண்ணாமலையார் சந்நிதியில் என் கல்யாணத்தை நடத்தி வைத்தார். என் மாமியார் வந்திருந்தார். அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் அப்படியேதான்.

ஓய்வுக்குப் பின் அண்ணன் ஊரில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதினார். மஞ்சள் காமாலை கண்டு வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், பட்டையைத் திரும்பப் பெற்று அப்போது நாயக்காக இருந்த என் கணவர் லீவு போட்டு வந்து கூடவே இருந்து, உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டினார். அவர் கையைப் பிடித்தபடிதான் அண்ணனின் உயிர் பிரிந்தது.

அந்த நாட்களில் இரவு பகல் பார்க்காமல் உதவிய மருத்துவருக்கும் நர்சம்மாக்களுக்கும், வேன் கொடுத்த மரக்கடை முதலாளிக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய தெருவாசிகளுக்கும், தோள் கொடுத்த பழைய சிப்பாய்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அண்ணனை வாசலில் கிடத்தியிருந்தபோது என் மாமியார் கீழ்பென்னாத்தூரிலிருந்து கோடித் துணியோடு வந்தார். கூட்டம் வழிவிட்டது. வெகுநேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு இன்னும் கோவம் தீரல. பொய் சொல்ல எனக்கு வராதான்னா, வரும். எம்புள்ளைக்காக நான் ஆயிரம் சொல்லியிருப்பேன். இவன் சொல்லல. அதனாலதான் எம்புள்ள இன்னிக்கு ஊருல தலை நிமிந்து நடக்கறான்" என்றார். சொல்லிவிட்டுத் துணியைப் போர்த்தி, அண்ணனின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். வயதில் மூத்தவர் இப்படிச் செய்யலாமா என்று யாரோ தடுக்கப் போனார்கள். என் கணவர்தான், "விடுங்க" என்றார்.